கட்டி முடிக்காத பேராலயமும் ஒரு பி.காம் மாணவனின் வாதமும்

பேலன்ஸ் ஷீட்டில் 'கேபிடல் வொர்க் இன் ப்ராக்ரஸ்' என்று ஒரு வரி வரும். காமர்ஸ் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டிக்கொண்டே இருக்கிற, இன்னும் முடியாத கட்டடத்துக்கு இதுவரை ஆன செலவை அந்த வரியில் போட்டு வைப்பார்கள். வேலை முடிந்ததும் அங்கிருந்து எடுத்து 'கட்டடம்' என்ற தலைப்புக்கு மாற்றி, அதன் பிறகு வருஷா வருஷம் தேய்மானம் கழிப்பார்கள். ஒரு ஃபேக்டரி இரண்டு மூன்று வருஷம் அந்த வரியில் இருக்கலாம். பத்து வருஷம் இருந்தால் ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மைப் பார்ப்பார். 130 வருஷத்துக்கும் மேலாக இருந்தால்?

நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில், மன்ஹாட்டனின் வடமேற்குப் பக்கம், ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் நிற்கும் செயின்ட் ஜான் த டிவைன் பேராலயம். 1892 டிசம்பர் 27-ந்தேதி அடிக்கல் நாட்டினார்கள். இன்றுவரை முடியவில்லை. நீளம் 601 அடி. உலகத்தின் மிகப்பெரிய தேவாலயங்கள் பட்டியல் எதை எடுத்தாலும் மேலேயே இருக்கும். ஆனால் கோபுரங்கள் இல்லை, சிலுவை வடிவத்தின் இரண்டு கைகளும் முழுசாக இல்லை, நடுவில் வரவேண்டிய பெரிய கோபுரத்துக்குப் பதிலாக ஒரு தற்காலிக மூடி. அந்த ஊர்க்காரர்கள் 'செயின்ட் ஜான் த அன்ஃபினிஷ்ட்' என்று கேலிப்பெயரே வைத்துவிட்டார்கள்.

அதைப் பற்றிப் படிக்கிற இடத்தில் எல்லாம் தொனி ஒன்றுதான். பாவம், காசு இல்லை, திட்டம் சரியில்லை, தோற்றுப்போன கட்டடம். என் கட்சி வேறு. முடிக்காமல் நிறுத்தியதுதான் அந்தப் பேராலயம் செய்ததிலேயே நல்ல காரியம் என்பது என் வாதம். அதே நல்ல காரியத்தைப் பிற்காலத்தில் அவர்களே கொஞ்சம் கெடுத்துக்கொண்டார்கள் என்பது வாதத்தின் இரண்டாம் பாதி. இரண்டுக்கும் கதை கொஞ்சம் தெரிய வேண்டும், பொறுமையாக வாருங்கள்.

முதலில் எபிஸ்கோபல் என்றால் என்ன? பெரிய மர்மம் இல்லை. இங்கிலாந்து திருச்சபையின் அமெரிக்கக் கிளைதான். அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய பிறகு, இங்கிலாந்து ராஜாவைத் தலைவராக வைத்திருக்கும் சபையில் எப்படி இருப்பது என்ற சங்கடம் வந்தது. 1789-ல் தனியாக அமைப்பு ஏற்படுத்திக்கொண்டார்கள். பிஷப்புகள் நடத்துகிற சபை என்பதால் அந்தப் பெயர். நம்ம ஊர் சி.எஸ்.ஐ.யும் ஒருவகையில் அதே ஆங்கிலிக்கன் குடும்பத்துச் சொந்தம்தான். 1947 செப்டம்பர் 27-ந்தேதி அது தொடங்கப்பட்டதே சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில்தான். பிஷப்பின் நாற்காலி எந்தத் தேவாலயத்தில் இருக்கிறதோ அது கதீட்ரல், அதாவது பேராலயம். அளவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நியூயார்க்காரர்களுக்கு அளவுதானே எல்லாம் :-)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் எபிஸ்கோபல் சபையில் பணக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐந்தாவது அவென்யூவில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்துக் கட்டிய செயின்ட் பேட்ரிக் பேராலயம் 1879-ல் திறந்தாகிவிட்டது. இவர்கள் சும்மா இருப்பார்களா? பிஷப் ஹென்றி காட்மன் பாட்டர் 1887-ல் நகரத்துக்கே அழைப்பு விட்டார். மார்னிங்சைடு ஹைட்ஸ் மேட்டில், ஒரு அநாதை இல்லம் இருந்த இடத்தை வாங்கினார்கள். போட்டி வைத்து ஹெய்ன்ஸ், லாஃபார்ஜ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தொடக்கமே சகுனம் சரியில்லை. உறுதியான பாறை என்று நினைத்துத் தோண்டினால் உள்ளே மிருதுவான மண்ணும் ஊற்றுத் தண்ணீரும். 70 அடிக்கும் கீழே போக வேண்டியதாயிற்று. கையில் இருந்த பணம் எல்லாம் குழிக்குள்ளேயே போய்விட்டது. வங்கி முதலாளி ஜே.பி. மார்கன் 5 லட்சம் டாலர் கொடுத்துத்தான் அஸ்திவாரம் மேலே வந்தது. மேலே எதுவும் எழும்பாத நிலையில், 1899-ல் நிலவறையில் ஆராதனை ஆரம்பித்தார்கள். இந்த ஒரு தகவலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பலிபீடத்தைச் சுற்றி எட்டு கிரானைட் தூண்கள். மெய்ன் மாநிலத்தில் ஒரு தீவிலிருந்து வெட்டி எடுத்தது. ஒரே கல்லில் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதற்கென்றே ராட்சதக் கடைசல் இயந்திரம் செய்து அதில் ஏற்றிச் சுழற்றினால், கல் உடைந்துபோனது. கடைசியில் ஒவ்வொரு தூணையும் இரண்டு துண்டாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தார்கள். அப்படியும் ஒவ்வொன்றும் 100 டன்னைத் தாண்டும்.

எனக்கு இந்தக் கட்டடத்தில் ரொம்பப் பிடித்தது அந்தத் தற்காலிக மூடி. 1909-ல் பலிபீடப் பகுதி ஓரளவு தயார், ஆனால் நடுவில் கோபுரம் எழுப்பப் பணம் இல்லை. மழை உள்ளே கொட்டாமல் இருக்க ஏதாவது போட வேண்டும். ரஃபேல் குவாஸ்டவினோ என்ற ஸ்பானிய வம்சாவளிக்காரர் (அப்பாவுக்கும் இதே பெயர், இதே தொழில்) ஓட்டுக் குவிமாடம் ஒன்று போட்டுத் தருகிறேன் என்றார். மெல்லிய ஓடுகளை, சீக்கிரம் இறுகும் கலவையில் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே போகிற முறை. கீழே முட்டுக் கிடையாது, சாரம் கிடையாது. நேற்று ஒட்டிய ஓட்டின் மேல் இன்று நின்றுகொண்டு அடுத்த வரிசையை ஒட்டுவார்கள்! 100 அடிக்கு மேல் அகலமுள்ள குவிமாடம் 15 வாரத்தில் முடிந்தது. பத்து வருஷம் தாங்கினால் போதும் என்பது கணக்கு. எங்கள் பாடப்படி பார்த்தால் 1919-லேயே அதன் புத்தக மதிப்பு பூஜ்யம். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. சமீப ஆண்டுகளில் மேலே செம்புத் தகடு போர்த்திச் செப்பனிட்டிருக்கிறார்கள். தற்காலிகம்!

இதற்கிடையில் கட்டடக் கலைஞர்களில் ஹெய்ன்ஸ் 1907-ல் இறந்துபோனார். 1911-ல் பலிபீடப் பகுதியைத் திறந்த கையோடு, நிர்வாகிகள் லாஃபார்ஜை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரால்ஃப் ஆடம்ஸ் க்ராம் என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு கோதிக் பாணி என்றால் உயிர். முன்னவர்கள் கட்டியதோ வட்ட வளைவுகள் கொண்ட பழைய ரோமானிய, பைசாந்திய பாணி. அதனால் கிழக்குப் பாதி ஒரு மாதிரி, மேற்குப் பாதி ஒரு மாதிரி. 1925-ல் பெரிய நிதி திரட்டல் நடந்தது. பின்னால் ஜனாதிபதியான ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை முன்னின்று நடத்தினார். 1929-ல் பங்குச்சந்தை சரிந்தும் வேலை எப்படியோ நகர்ந்தது. 1941 நவம்பர் 30-ந்தேதி, முதல்முறையாகப் பேராலயத்தின் முழு நீளத்தையும் திறந்துவைத்தார்கள். சரியாக ஏழு நாள் கழித்து, டிசம்பர் 7, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது. வேலை நின்றது.

இதுவரை நடந்தது எல்லாம் விதி, பணம், போர். இனிமேல் வருவதுதான் மனிதர்கள் எடுத்த முடிவு.

இடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேட்டின் மேல் பேராலயம், பக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகம். கிழக்கே செங்குத்தான பாறைச் சரிவு, அதில் மார்னிங்சைடு பார்க். சரிவுக்குக் கீழே ஹார்லெம். கறுப்பின மக்களின் ஹார்லெம். மேலே இருப்பவர்கள் கீழே பார்க்கலாம், கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கலாம். அந்தச் சரிவில் இருக்கிற பொதுப் பூங்காவில் கொலம்பியா ஒரு ஜிம்னேசியம் கட்டப்போனது. மாணவர்களுக்கு மேலே ஒரு வாசல், ஹார்லெம் மக்களுக்குக் கீழே ஒரு வாசல், அவர்கள் பங்கும் கொஞ்சம்தான். 1968-ல் மாணவர் போராட்டம் வெடித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஜிம் கைவிடப்பட்டது.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1967-ல், பிஷப் ஹொரேஸ் டோனெகன் ஒரு அறிவிப்புச் செய்தார். பேராலயத்தை முடிக்கத் திட்டம் கையில் இருந்த நேரம். ஆனால் சுற்றியுள்ள மக்களின் துயரம் தீருவதற்கான அடையாளம் தெரியாதவரை இந்தக் கட்டடம் முடியாமலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். கறுப்பின மக்களின் சிவில் உரிமைகளுக்காக அவர் வெளிப்படையாகப் பேசியதில், தருவதாகச் சொன்ன நன்கொடையைச் சில பணக்காரர்கள் ஏற்கெனவே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மனிதர் அசரவில்லை.

இதை நான் ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், பாதியில் நிற்கும் எதையும் நிறுத்துவது ரொம்பக் கஷ்டம். 'இவ்வளவு போட்டாச்சு, இன்னும் கொஞ்சம்தானே' என்று மனசு சொல்லும். சங்க் காஸ்ட் என்று படிக்கிறோமே, அதுதான். போன பணம் போனதுதான், இனிமேல் போடப்போகிற ஒவ்வொரு டாலருக்கும் வேறு என்ன செய்யலாம் என்றுதான் பார்க்க வேண்டும். மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு ஐந்து மார்க் கேள்வி வரும், எல்லோரும் எழுதிவிடுவோம். முக்கால் நூற்றாண்டாக ஒரு நகரமே பார்த்துக்கொண்டிருக்கிற கட்டடத்தின் முன் நின்றுகொண்டு, கீழே ஹார்லெமைக் காட்டி இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், நியாயமானது. கட்டாமல் விட்டதால் மிச்சமான பணம் ஹார்லெமுக்குப் போனதா? நேராக அப்படி எல்லாம் போகாது. பேராலயம் கட்ட நன்கொடை தருகிறவர், அதே தொகையை வீட்டு வாடகை கட்ட முடியாதவருக்குத் தந்துவிடுவார் என்று நினைப்பது வெகுளித்தனம். ஆனால் மாறியது ஒன்று உண்டு. அந்த இடம் எதற்கு என்பது மாறியது.

1972-ல் டீனாக வந்த ஜேம்ஸ் பார்க்ஸ் மார்டன் இதைப் பிடித்துக்கொண்டார். எழுபதுகளில் நியூயார்க் திவாலாகும் நிலையில் இருந்தது. வரி கட்ட முடியாமல் முதலாளிகள் கைகழுவிய அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏழைகள் தண்ணீரும் ஹீட்டரும் இல்லாமல் குடியிருந்தார்கள். குடியிருப்பவர்களே அந்தக் கட்டடங்களைச் செப்பனிட்டுச் சொந்தமாக்கிக்கொள்ள உதவும் ஒரு அமைப்பு, 'அர்பன் ஹோம்ஸ்டெடிங் அசிஸ்டன்ஸ் போர்டு', இந்தப் பேராலயத்தின் நிழலில்தான் பிறந்தது. அது இன்றும் இயங்குகிறது.

அப்புறம் 1979-ல் கட்டட வேலையை மறுபடி ஆரம்பித்தார்கள். அப்போ 1967 அறிவிப்பு காற்றில் போயிற்றா? இல்லை, இங்கேதான் எனக்கு மார்டன் மேல் மரியாதை கூடியது. வெளியிலிருந்து கான்ட்ராக்டர் யாரையும் பிடிக்கவில்லை. பேராலய வளாகத்திலேயே கல்பட்டறை போட்டு, இங்கிலாந்தில் லிவர்பூல் பேராலயத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் பாம்ப்ரிட்ஜை வரவழைத்து, ஹார்லெம் போன்ற பகுதிகளின் வேலையில்லா இளைஞர்களுக்குக் கல் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். கல் அங்கேயே செதுக்கப்பட்டது, கூலி அங்கேயே போனது. அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் கோபுரச் செலவு என்று எழுதுவார்கள். உண்மையில் அது சம்பளப் பட்டியல். 1982-ல் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே கயிற்றில் நடந்த அதே ஃபிலிப் பெட்டி, ஆம்ஸ்டர்டாம் அவென்யூவுக்கு மேலே கம்பியில் நடந்து வந்து பிஷப்பின் கையில் கொத்தனார் கரண்டியைக் கொடுத்தார். விளம்பரம்தான், ஆனால் அழகான விளம்பரம்.

தெற்குக் கோபுரம் சுமார் 50 அடி உயர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பணம் தீர்ந்தது, பட்டறை மூடப்பட்டது. சாரத்தைப் பிரிக்கக்கூடக் காசில்லாமல் அது 2007 வரை அப்படியே துருப்பிடித்து நின்றது.

சரி, என் முக்கிய வாதம். ஒரு சொத்து எப்போது 'முடிந்தது'? எங்கள் கணக்கியல் தர விதிகளில் இதற்குப் பதில் இருக்கிறது. வரைபடத்தில் உள்ள எல்லாம் கட்டியான பிறகு அல்ல. நினைத்த பயன்பாட்டுக்கு அது தயாரானால் போதும். அந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். 1899-லேயே நிலவறையில் ஆராதனை நடந்தது (ஞாபகம் வைக்கச் சொன்னேனே). 1943 ஜனவரியில் நிக்கோலா டெஸ்லாவின் இறுதிச் சடங்கு இங்கே நடந்தது. 1956 மே 17-ந்தேதி மார்ட்டின் லூதர் கிங் இங்கே பிரசங்கம் செய்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வந்து சரியாக இரண்டாவது வருஷ நாள் அது. 1974-ல் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் இறுதிச் சடங்குக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். வருஷா வருஷம் அக்டோபரில் நாய், பூனை, ஒட்டகம் எல்லாம் ஆசீர்வாதம் வாங்க வரும் (ஒரு காலத்தில் யானைகூட வந்ததாம்). பசித்தவர்களுக்குச் சாப்பாடு போடும் சமையலறை நடக்கிறது. இதில் எந்த வேலைக்குக் கோபுரம் தேவைப்பட்டது, சொல்லுங்கள்?

முடித்தால்தான் என்ன ஆகிவிடும்? அதே சபையின் வாஷிங்டன் நேஷனல் கதீட்ரல் இருக்கிறது. 1907-ல் ஆரம்பித்து 83 வருஷம் கட்டி, நடுவில் 1977-ல் கடன் தாங்காமல் நிறுத்தி, மறுபடி தொடங்கி, 1990-ல் முடித்தே விட்டார்கள். 2011 ஆகஸ்ட் 23-ந்தேதி பூகம்பம் வந்து உச்சியில் இருந்த கல் சிகரங்களை உருட்டிவிட்டது. மறுபடி சாரம், மறுபடி நிதி திரட்டல். இவ்வளவு பெரிய கல் கட்டடத்துக்குக் கடைசி பில் என்று ஒன்று வராது. செயின்ட் ஜானிலும் 2001 டிசம்பர் 18-ந்தேதி வடக்குக் கைப்பகுதியில் தீ பிடித்தது. புகை படிந்த முழு ஆலயத்தையும் சுத்தம் செய்து 2008 நவம்பர் 30-ந்தேதி மறுபடி திறக்க, சுமார் 4 கோடி டாலர்.

இந்த மாதிரிச் செலவுதான் கதையின் கசப்பான பகுதிக்கு வழிவிட்டது. பேராலயத்திடம் பணம் இல்லை, நிலம் இருந்தது. பதினோரு ஏக்கருக்கு மேல், மன்ஹாட்டனில்! தென்கிழக்கு மூலையை 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். 2008-ல் அங்கே 20 மாடி அபார்ட்மென்ட் எழும்பியது. பிறகு வடக்குப் பக்கம் இன்னொரு குத்தகை. பேராலயத்தின் சுவரை ஒட்டி, தலா 15 மாடியில் இரண்டு கட்டடங்கள், நானூறுக்கு மேல் வீடுகள். இரண்டு இடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு வீடுகள்தான் குறைந்த வருமானக்காரர்களுக்கு. மற்றதெல்லாம் மன்ஹாட்டன் மார்க்கெட் வாடகை.

அதற்கு முன்பே, 2003-ல், பாரம்பரியச் சின்னங்களுக்கான நகர ஆணையம் பேராலயக் கட்டடத்துக்கு மட்டும் பாதுகாப்பு கொடுத்தது. சுற்றியுள்ள நிலத்தை விட்டுவிட்டால் அங்கே என்ன வேண்டுமானாலும் கட்டுவார்கள் என்று நகர மன்றம் அதை ரத்து செய்தது. விளைவு, எதற்கும் பாதுகாப்பு இல்லாமல் போனது :-( 2017-ல் வளாகத்துக்கும் சேர்த்து அந்தஸ்து கிடைத்தபோது, இரண்டு மூலையும் ஏற்கெனவே போயாச்சு.

ஒரு காமர்ஸ் மாணவனாக நான் குத்தகையை மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். நிலத்தை விற்கவில்லை, உரிமை கையில் இருக்கிறது, வருஷா வருஷம் வாடகை வருகிறது, கூரை ஒழுகாமல் இருக்கிறது. நிதி மேலாளர் என்ற முறையில் யாரும் இதைத்தான் செய்வார். பேராலயத்தின் காட்சி மறைகிறது என்று அழுதவர்கள் மேல் எனக்குப் பெரிய அனுதாபமும் இல்லை. என் கோபம் அந்த ஐந்தில் ஒரு பங்கு மேல்தான். ஹார்லெமின் துயரத்தைக் காரணம் காட்டித் தன் கோபுரத்தையே விட்டுக்கொடுத்த நிறுவனம் இது. கைவிடப்பட்ட கட்டடங்களை ஏழைகளின் வீடுகளாக்க ஒரு அமைப்பையே வளர்த்த நிறுவனம். தன் சொந்த நிலத்தில் வீடு கட்டும்போது மட்டும், எந்த பில்டரும் வரிச்சலுகைக்காக ஒதுக்குகிற அதே அளவோடு எப்படித் திருப்தி அடைந்தது? பாதிக்குப் பாதி என்று நின்றிருந்தால் வாடகை குறைந்திருக்கும், சரி. பராமரிப்புக்குத் துண்டு விழுந்திருக்கும், அதுவும் சரி. 1967-ல் விழுந்த துண்டை விடவா பெரிது?

கோபுரத்தை முடிக்க ஒரு கோடீஸ்வரர் நாளைக்கே செக் எழுதினால்? வாங்கக்கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தானம் என்று வருகிற பணம் கிரேன் வாடகைக்கும் ரெடிமேட் கல்லுக்கும் போவதாக இருந்தால் வேண்டாம். எரிந்துபோன வடக்குக் கைப்பகுதி இருக்கிறது. கல்பட்டறையை மறுபடி திறந்து, சரிவுக்குக் கீழேயிருந்து இருபது முப்பது பிள்ளைகளை எடுத்து, அவர்கள் கையால் அதைக் கட்டட்டும். எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும். அவசரம் என்ன, குவாஸ்டவினோவின் பத்து வருஷக் குவிமாடம் இன்னும் நிற்கிறதே.